சிறுநீரகமும் ஒரு சின்ன மாத்திரையும்: ஒரு வரலாற்றுப் பாடம்



போன வாரம் ஒரு கல்யாணத்தில் என் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். 1987-ல் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவன். பெயர் சொல்லமாட்டேன், இதைப் படித்ததும் அவனுக்கே தெரியும். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னான்: "டீச்சர், பிரஷர் மாத்திரையை நிறுத்தி ஆறு மாசமாச்சு. ஒண்ணும் பண்ணல. நல்லாத்தான் இருக்கேன்."

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் தம்பி சொன்னதும் இதே வார்த்தைதான். ஆனால் அங்கே வைத்து அவனைத் திட்டவில்லை. திட்டிப் பயனில்லை என்று கற்றுக்கொள்ள எனக்கே பல வருடம் ஆயிற்று. அதற்குப் பதிலாக இந்தப் பதிவை எழுதுகிறேன். நீளமானது. டீ வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். வரலாற்று டீச்சர் இல்லையா, நூறு வருடம் பின்னால் போகாமல் எனக்கு எதையும் சொல்ல வராது.

முதலில் ஒரு சின்ன அறிவியல் பாடம். நம் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வருடக்கணக்கில் கூடியே இருந்தால் இந்த வடிகட்டிகள் ஒவ்வொன்றாகக் கெடுகின்றன. கெட்டது திரும்ப முளைக்காது. மீதியுள்ளவை கூடுதல் வேலை செய்து சமாளிப்பதால் நமக்கு வலியும் தெரியாது, வேதனையும் தெரியாது. பெரும்பகுதி போன பிறகுதான் கால் வீங்கும், மூச்சு வாங்கும், வாந்தி வரும். "நல்லாத்தான் இருக்கேன்" என்பது இந்த நோயில் எதற்கும் சாட்சி ஆகாது.

இதை முதலில் தெளிவாகக் கண்டவர் லண்டன் கய்ஸ் மருத்துவமனையில் இருந்த ரிச்சர்ட் பிரைட். 1827-ல் அவர் எழுதிய புத்தகத்தில், உடம்பு வீங்கி இறந்தவர்களின் சிறுநீரகங்கள் சுருங்கிக் கெட்டிருந்ததையும், அவர்கள் உயிரோடு இருந்தபோது சிறுநீரில் புரதம் போனதையும் சேர்த்துக் காட்டினார். புரதத்தை எப்படிக் கண்டுபிடித்தார் தெரியுமா? ஒரு கரண்டியில் சிறுநீரை விட்டு மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினார். முட்டையின் வெள்ளைக்கரு போல அது கட்டியானால் புரதம் இருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல் சிறுநீரக நோய்க்கே "பிரைட் நோய்" என்றுதான் பெயர். கண்டுபிடிக்க முடிந்தது, ஆனால் தடுக்க மருந்து இல்லை.

ரத்த அழுத்தத்தை அளக்கும் கைப்பட்டையை இத்தாலியில் ரீவா ரோச்சி 1896-ல் கொண்டுவந்தார். 1905-ல் ரஷ்யாவின் கொரோட்கோவ் அதோடு ஸ்டெதஸ்கோப்பைச் சேர்த்தார். இன்றும் அளப்பது ஏறக்குறைய அதே முறைதான். அளக்கத் தெரிந்தும் குறைக்க வழியில்லை. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். அன்று அவருடைய அழுத்தம் 300/190. உலகப் போரையே நடத்திய மனிதருக்கு, இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரைகளில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அப்போது அப்படி ஒன்று இருக்கவே இல்லை.

அந்தக் காலத்தில் ஒருவர் சோற்றை வைத்தே வைத்தியம் பார்த்தார். ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போய் டியூக் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த வால்டர் கெம்ப்னர். உப்பில்லாத சோறு, பழம், சர்க்கரை, அவ்வளவுதான் சாப்பாடு. 1942-ல் அவரிடம் 33 வயதுப் பெண் ஒருவர் வந்தார். சிறுநீரகம் கெட்டு, கண்ணின் உள்ளேயும் வீக்கம். இரண்டு வாரம் இப்படிச் சாப்பிட்டுவிட்டு வா என்றார் டாக்டர். அவருடைய ஜெர்மானிய உச்சரிப்பில் அந்தம்மாவுக்கு அது சரியாக விளங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து வந்தார், அதுவரை வெறும் சோறும் பழமும்தான். பார்த்தால் கண்ணின் வீக்கம் போயிருந்தது, அழுத்தமும் வெகுவாக இறங்கியிருந்தது. அதுவரை நீண்ட நாள் இந்தச் சாப்பாட்டைக் கொடுக்கப் பயந்த டாக்டர், அதன் பிறகுதான் துணிந்தார். வைத்திய வரலாற்றில், சொன்னதைவிட அதிகமாகக் கடைப்பிடித்த நோயாளி இவர் ஒருவர்தானோ என்னவோ! மற்றவர்கள் உப்பில்லாச் சோற்றை எத்தனை நாள் சாப்பிட்டிருப்பார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

அடுத்த அடி நம் நாட்டிலிருந்து வந்தது. சர்ப்பகந்தா என்ற செடியின் வேர் நம் நாட்டு வைத்தியத்தில் பல காலமாக இருந்தது. பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் அந்த வேரைத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்து ரத்த அழுத்தம் குறைவதைக் கவனித்து, 1949-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார். 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதே பத்தாண்டில் ஹைட்ரலசின், தயசைடு வகை மாத்திரைகளும் வந்தன. (இவை பெயருக்காகச் சொல்கிறேன், கடையில் போய்க் கேட்காதீர்கள். ரிசர்பினை இப்போது அரிதாகத்தான் தருகிறார்கள், அதைவிட நல்லவை வந்துவிட்டன.)

இந்த மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் உயிர் பிழைக்குமா என்று முறையாகச் சோதித்தவர் அமெரிக்காவில் எட்வர்ட் ஃப்ரீஸ். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில், கடுமையான அழுத்தம் உள்ள 143 ஆண்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருந்தும் மற்ற பிரிவுக்கு அதே போன்ற வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். 1967-ல் முடிவு வந்தது. வெற்று மாத்திரைப் பிரிவில் 27 பேருக்குப் பெரிய கேடு நேர்ந்தது. மருந்துப் பிரிவில் 2 பேருக்குத்தான். 27-ம் 2-ம். வகுப்பில் இந்த இரண்டு எண்ணையும் கரும்பலகையில் எழுதிவிட்டு நான் சும்மா நின்றாலே போதும்.

ஆனால் இந்தக் கதையில் பலர் சொல்லாமல் விடும் ஒரு பகுதி இருக்கிறது. ஆய்வைத் தொடங்குவதற்கு முன்பே ஃப்ரீஸ் குழுவினர் ஒரு பரீட்சை வைத்தார்கள். வருகிறவர்களுக்கு முதலில் வெற்று மாத்திரையைக் கொடுத்தார்கள். அதற்குள் ரிபோஃப்ளேவின், அதாவது பி2 வைட்டமின். பி காம்ப்ளெக்ஸ் போட்டால் சிறுநீர் மஞ்சளாகப் போகுமே, அதேதான். புற ஊதா விளக்கில் காட்டினால் அந்தச் சிறுநீர் ஒளிரும். ஒளிராவிட்டால் மாத்திரை வயிற்றுக்குப் போகவில்லை. டப்பாவில் மீதியிருந்த மாத்திரைகளையும் எண்ணினார்கள். ஒழுங்காகச் சாப்பிடாதவர்களை ஆய்வில் சேர்க்கவே இல்லை. உயிர் காக்கும் மருந்து என்று நிரூபிப்பதற்கு முன், சாப்பிடுகிறவனைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது!

இது புதிய நோயும் அல்ல. ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் பழைய கிரேக்க நூல்களிலேயே, நோயாளிகள் மருந்தைச் சாப்பிட்டதாகப் பொய் சொல்வார்கள், கவனமாக இரு என்று வைத்தியனுக்கு எச்சரிக்கை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2003-ல் வெளியிட்ட அறிக்கை, வசதியான நாடுகளிலேயே நாள்பட்ட நோய்க்காரர்களில் சராசரியாகப் பாதிப்பேர்தான் மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்கிறார்கள் என்றது. ஆகவே என் மாணவன் ஒருவனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் தயாரில்லை.

இப்போது என் தம்பி கதைக்கு வருகிறேன். சொந்தங்களுக்குத் தெரியும். மாணவர்களில் பலர் அவன் லேத் பட்டறையில் சைக்கிள் அச்சு கடைந்து வாங்கியிருப்பீர்கள்.

1998-ல், அவனுக்கு 37 வயதில், பிரஷர் என்று கண்டுபிடித்தார்கள். நான் சும்மா இருப்பேனா? பாடம் எடுத்தேன். வடிகட்டி, அழுத்தம், உப்பு எல்லாம் படம் போட்டு விளக்கினேன். அவன் கெட்டிக்காரன். நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வான். பரீட்சை வைத்தால் நூற்றுக்கு நூறு. மாத்திரையும் சாப்பிட்டான், ஏழு வருடம் ஒழுங்காக. என் பாடத்தின் பலன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

2005-ல் அவன் மகள் கல்லூரி விடுதிக்குப் போனாள். அடுத்த பொங்கலுக்கு நான் அவன் வீட்டுக்குப் போனபோது சுவரில் தினசரிக் காலண்டர் நவம்பரிலேயே நின்றுகொண்டிருந்தது. எனக்கு அது அப்போது ஒரு விஷயமாகப் படவில்லை. "மாத்திரை சாப்பிடறியா?" என்றேன். "சாப்பிடறேன் அக்கா, நீ மறுபடி பாடத்தை ஆரம்பிக்காதே" என்றான். 2010-ல் கால் வீங்கி மருத்துவமனைக்குப் போனபோது கிரியேட்டினின் 7-ஐத் தாண்டியிருந்தது. வாரம் இரண்டு டயாலிசிஸ். நான்கு வருடம். 2014-ல், 53 வயதில் போய்விட்டான்.

காரியம் முடிந்த அன்று அவன் மகள் அழுதுகொண்டே சொன்னாள்: "அத்தை, நான் இருந்த வரைக்கும் தினமும் காலையில காலண்டர் தாளைக் கிழிச்சு, அதுல மாத்திரையை வெச்சு அப்பா கையில கொடுப்பேன். அவர் முழுங்கினதும்தான் நான் ஸ்கூலுக்குக் கிளம்புவேன். நான் ஹாஸ்டல் போனதும் அதைச் செய்ய ஆளில்லை."

ஏழு வருடம் அவனைக் காத்தது என் பாடம் இல்லை கண்ணுகளா. ஆறாம் வகுப்புக் குழந்தை கிழித்த காலண்டர் தாள்.

இதை நான் சொன்னால் ஏதோ துக்கத்தில் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். ஆனால் இதற்கு ஆதாரம் இருக்கிறது. என்னிடம் படித்து இப்போது டாக்டராக இருக்கும் மாணவி ஒருத்தியிடம் என் புலம்பலைச் சொன்னேன். அவள் இரண்டு ஆய்வுகளைப் பற்றி விளக்கினாள். கனடாவில் ஹாமில்டன் என்ற எஃகு நகரம். அங்கே மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் டேவிட் சாக்கெட், பிரையன் ஹெய்ன்ஸ் ஆகியோர், பிரஷர் உள்ள 230 எஃகுத் தொழிலாளர்களைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு நோயைப் பற்றி நன்றாகப் பாடம் நடத்தினார்கள். 1975-ல் முடிவு: பாடம் கேட்டவர்களுக்கு விஷயம் நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனால் பாடம் கேட்காதவர்களைவிட அவர்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தொழிற்சாலையிலேயே டாக்டரைப் பார்க்க வசதி செய்து கொடுத்ததும் பலிக்கவில்லை. 33 வருடம் பாடம் நடத்திய எனக்கு இதைக் கேட்டபோது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

1976-ல் இரண்டாவது ஆய்வு. மருந்தும் சாப்பிடாமல் அழுத்தமும் இறங்காமல் இருந்த 38 பேர். அதில் ஒரு பகுதியினருக்குத் தாங்களே வீட்டில் பிரஷர் பார்க்கவும், அதையும் மாத்திரையையும் அட்டையில் குறித்து வைக்கவும், தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு மாத்திரையைச் சேர்த்துக்கொள்ளவும் பழக்கினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து அட்டையைப் பார்த்து, முன்னேற்றம் இருந்தால் பாராட்டுவார். ஆறு மாதத்தில் மருந்து எடுப்பது 21 சதவீதம் கூடியது. மற்ற பகுதியினருக்குச் சற்றுக் குறைந்தது. அந்தப் பார்வையாளர் யார்? டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. மருத்துவப் பயிற்சியே இல்லாத, பள்ளிப் படிப்பு மட்டும் முடித்த ஒருவர்.

இதே கதை நம் ஊரிலும் நடந்தது. சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் டாக்டர் எம்.கே. மணி. சிறுநீரகம் செயலிழந்த பிறகு செய்யும் சிகிச்சைக்கு நம் மக்களில் பெரும்பாலோரிடம் பணம் இல்லை, ஆகவே வருமுன் காப்பதே வழி என்று சொல்லிவந்தவர். அவருடைய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சென்னைக்கு அருகேயுள்ள கிராமங்களில் சுமார் 25,000 பேரை வீடு வீடாகச் சோதித்தது. போனவர்கள் பயிற்சி கொடுக்கப்பட்ட உள்ளூர்ப் பணியாளர்கள். பிரஷர் பார்த்தார்கள், சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் பார்த்தார்கள். பிரஷருக்குக் கொடுத்தது எது தெரியுமா? ஃப்ரீஸ் சோதித்த அதே மூன்று பழைய, மலிவான மருந்துகள்: ரிசர்பின், ஹைட்ரலசின், ஹைட்ரோகுளோரோதயசைடு. நம் வேர் ஊர் சுற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டது. தொடர்ந்து வீடு தேடிப் போய்ப் பார்த்ததில், மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது. செலவு, மொத்த மக்கள்தொகையில் தலைக்கு ஆண்டுக்கு அரை டாலருக்கும் குறைவு.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டமும் இதே வழிதான். பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வயிற்று வழி டயாலிசிஸ் செய்வோருக்கான பைகளும் வருகின்றன. மாத்திரை கொண்டுவரும் பெண்ணை வாசலிலேயே அனுப்பிவிடாதீர்கள். உட்காரவைத்து ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள். அவர் கையில் இருப்பதில் பாதிதான் மருந்து. மறுபடி வந்து கேட்பார் என்பது மீதிப் பாதி.

காலம் கடந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹிட்லர் படை பிடித்திருந்த நெதர்லாந்தில் 1943-ல் வில்லெம் கோல்ஃப் தொத்திறைச்சி உறையாகப் பயன்பட்ட செல்லோஃபேன் குழாயை வைத்து டயாலிசிஸ் இயந்திரம் கட்டினார். அதில் முதலாவதாக ஒருவர் பிழைத்தது 1945-ல்தான். 1960-ல் சியாட்டிலில் ஸ்கிரிப்னர் கண்டுபிடித்த குழாயால் திரும்பத் திரும்பச் செய்ய வழி பிறந்தது. 1954-ல் பாஸ்டனில் இரட்டையருக்கிடையே சிறுநீரகம் மாற்றப்பட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-ல் நடந்தது. எல்லாம் மகத்தான சாதனைகள். ஆனால் அங்கே போனாலும் மாத்திரை விடாது. டயாலிசிஸ் நோயாளிகள் ஒரு நாளைக்கு 19 மாத்திரை அளவில் விழுங்குவதாக 2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கூறுகிறது. மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களுக்கோ, மாத்திரையைத் தொடர்ந்து விட்டால் உடம்பே அந்தச் சிறுநீரகத்தை எதிரியாகத் தாக்கிவிடும். ஆரம்பத்தில் ஒன்று வேண்டாம் என்றவனுக்குக் கடைசியில் 19. என் தம்பியின் மாத்திரைகளை நான் எண்ணி டப்பாவில் போட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

மருந்தை விடுவதற்கு நியாயமான காரணங்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. பணம் இருக்காது. தலை சுற்றும், இருமல் வரும், கால் வீங்கும். "கடைசி வரைக்கும் சாப்பிடணுமா" என்ற வெறுப்பு வரும். எதுவானாலும் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மாற்று மருந்து இருக்கிறது, மலிவானது இருக்கிறது. வாந்தி, பேதி கண்ட நாளில் சில மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள், அதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்துவதும் வேண்டாம், மூட்டுவலிக்கு நீங்களாகக் கடையில் வலிமாத்திரை வாங்குவதும் வேண்டாம். வலிமாத்திரை பல சிறுநீரகங்களைக் கெடுத்திருக்கிறது.

எனக்கும் இப்போது பிரஷர், சர்க்கரை இரண்டும் உண்டு. கிரியேட்டினின் 1.4. தினமும் காலை ஏழு மணிக்கு ஓசூரிலிருந்து தம்பி மகள் போன் செய்கிறாள். ஒரே கேள்விதான்: "அத்தை, தாள் கிழிச்சாச்சா?" அதற்குப் பிறகுதான் எனக்குக் காப்பி.

பந்தியில் அந்த மாணவனிடம் நான் பாடம் எடுக்கவில்லை என்றேன் அல்லவா? ஒன்று மட்டும் கேட்டேன். "வீட்டில் காலையில் உனக்கு முன்னால் எழுந்திருப்பது யாரப்பா?" "சின்னவள், டீச்சர். எட்டாவது படிக்கிறாள்." அவளை அழைத்து, காலண்டர் விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தேன். அவனிடம் டாக்டரைப் பார்த்து மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கச் சொன்னேன். திங்கட்கிழமை போய்விட்டு வந்து செய்தி அனுப்பினான். ஆறு மாதத்தில் பிரஷர் 170-க்கு ஏறியிருக்கிறது. சிறுநீரில் புரதம் இன்னும் இல்லை. தப்பித்தான்.

உங்களுக்கெல்லாம் ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டில் யார் மாத்திரை சாப்பிடுகிறார்கள், தினமும் அவர்களைக் கேட்பது யார்? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் இன்றைக்கே ஓர் ஆளை வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனையும் கிரியேட்டினினும் பாருங்கள். செய்து முடித்தவர்கள் கீழே "கிழிச்சாச்சு டீச்சர்" என்று எழுதுங்கள். வருகைப் பதிவேடு எடுக்கப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், சிலருக்கு அக்கா, சிலருக்கு அத்தை.